இரண்டாவது கோடு

புதுதில்லி
18.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

வாணி எழுதுகிறேன். விடுதிச் சாப்பாட்டைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே குழாயில் தண்ணீர் வந்ததா என்பதை முதலில் எழுது. இங்கே பக்கத்து அறைப் பெண்ணிடம் எங்கள் திண்டுக்கல்லில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்றேன். நம்பாமல் சிரிக்கிறாள்.

போன மாதம் நான் ரயிலேறும்போது, "அம்புட்டுத் தூரம் போயி என்னத்தடி படிக்கிற? எனக்கும் வெளங்குற மாதிரி சொல்லேன்" என்று கேட்டாய். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இப்போது சொல்கிறேன், கேள்.

பத்து வருடமாகச் சுகாதார நிலையத்தில் நீ மைக்ராஸ்கோப்பில் பார்த்துவரும் அதே மலேரியாக் கிருமிதான். அது சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருப்பதை நீ பார்க்கிறாய். நான் பார்ப்பது அது உள்ளே நுழைகிற அந்த அரை நிமிடத்தை. முதலில் அணுவின் மேல் வந்து ஒட்டுகிறது. ஒரு புரள் புரண்டு தன் கூர்முனையை அதன் பக்கம் திருப்புகிறது. பிறகு தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. போகும்போது தன் மேலுறையை அறுத்து வெளியிலேயே விட்டுவிடுகிறது. திருடன் சட்டையை வாசலில் உருவிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் புகுந்துகொள்கிறான், நம் உடம்பின் போலீஸ் வந்து சட்டையைக் கைது செய்கிறது. உனக்குச் சிரிப்பு வருகிறதுதானே? எனக்கு முதல் தடவை படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அப்படி அது விடுகிற பொருள்களுக்குத்தான் ஆன்டிஜென் என்று பெயர். நுழைந்த கிருமி இரண்டு நாளில் பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வரும்போது இன்னும் பல சரக்கை ரத்தத்தில் கொட்டுகிறது. மருந்து கொடுத்துக் கிருமி செத்த பிறகும் இந்த மிச்சம் ரத்தத்தில் எத்தனை நாள் சுற்றுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

இதற்கு உன் உதவி வேண்டும். மூளைக்கு ஏறுகிற ஃபால்சிபேரம் வகை நம் பக்கம் அபூர்வம், போர்வெல் வண்டியில் ஒரிசா போய் வருகிறவர்கள்தான் கொண்டுவருவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படி யாராவது வந்தால், மருந்து தொடங்கும் நாளில் ஒரு சொட்டு, பிறகு ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டாம் நாளில் ஒவ்வொரு சொட்டு, இத்துடன் உள்ள ஃபில்டர் பேப்பரில் எடுத்துக் காயவைத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. செய்வாயா அக்கா? நீ செய்யாவிட்டால் எனக்கு யார் செய்வார்கள்?

மாமா வண்டியோடு திரும்பிவிட்டாரா? தென்றல் ஒன்றாம் வகுப்பில் அழாமல் உட்காருகிறாளா?

உன் அன்புத் தங்கை,
இசைவாணி


திண்டுக்கல்
15.8.1999

அன்புள்ள வாணிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இன்று சுகாதார நிலையத்தில் கொடியேற்றிவிட்டு, ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்து, பத்தரை மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் பேனாவைத் தொட முடிந்தது. தண்ணீர் வந்து பதினோரு நாள். இருக்கிற இரண்டு டிரம்மில் ஒன்றில் கொசுப்புழு நெளிகிறது. ஊரெல்லாம் போய்த் தண்ணீர்த் தொட்டியை மூடு என்று சொல்கிற இலாகாக்காரி வீட்டில்!

நீ கேட்ட சொட்டு இத்துடன் இருக்கிறது. யாருடையது என்று நினைக்கிறாய்? உன் முதல் நோயாளி உன் மாமாதான்.

ஒன்பதாம் தேதி வந்து இறங்கினார். நான்கு மாதம் ஒரிசாக் காட்டில் குழி போட்டுவிட்டு, கறுத்து, கன்னம் ஒட்டி வந்தார். பன்னிரண்டாம் தேதி குளிர் எடுத்து, மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. மறுநாள் காலையில் நானே விரலில் குத்தி ஸ்லைடு எடுத்து, நானே சாயம் போட்டுப் பார்த்தேன். மெல்லிசு மெல்லிசாக மோதிரங்கள், ஒரே அணுவில் இரண்டு இரண்டாக. ஃபால்சிபேரம்தான். யார் யாருடைய ஸ்லைடிலோ பார்த்தபோது ஒன்றும் தோன்றியதில்லை, இவருடையதில் பார்த்ததும் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்தேன் வாணி.

டாக்டர் சார் வழக்கமான குளோரோகுயின்தான் எழுதினார். முதல் நாள் நான்கு, மறுநாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு. இன்றோடு முடிந்தது. காய்ச்சல் விட்டு, காலையில் இட்லி கேட்டுச் சாப்பிட்டார். எல்லாம் நன்மைக்கே.

உனக்காக விரலை நீட்டச் சொன்னதும் உன் மாமா, "ஏன்டி, ஒந்தங்கச்சிக்கு மொளகாப்பொடி அனுப்புனீங்க, முறுக்கு அனுப்புனீங்க, இப்ப என் ரத்தத்தையே பார்சல் போடுறீங்களா? எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. புள்ள படிச்சு டாக்டராகட்டும்" என்றார். நீ ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்குப் புரிவதில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி வண்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இந்த ஒரு நடை மட்டும், அப்புறம் உள்ளூரிலேயே வேன் ஓட்டுகிறேன் என்கிறார். செப்டம்பர் பதினைந்தாம் தேதி கிளம்ப வேண்டுமாம். அதற்குள் உடம்பு தேற வேண்டும். எனக்கு இப்போது அது ஒன்றுதான் நினைப்பு.

தென்றல் ஒன்றாம் வகுப்பில் அழவில்லை, பக்கத்துப் பிள்ளையை அழவைக்கிறாளாம்.

அன்புடன்,
அக்கா


புதுதில்லி
20.8.1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. மாமாவுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் பதறிவிட்டேன், இட்லி கேட்டார் என்ற வரி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அவருடைய சொட்டில் அழுத்தமான கோடு வந்தது. என் முதல் நோயாளி என் மாமா! குறிப்பேட்டில் 'நோயாளி எண் 1' என்று எழுதும்போது ஒரு மாதிரியாக இருந்தது.

தனியாக ஒரு பார்சலும் விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் புதுவகைச் சோதனைப் பட்டைகள் இருபத்தைந்து இருக்கின்றன. வெளிநாட்டுச் சரக்கு, எங்கள் கைடிடம் கெஞ்சி வாங்கினேன். மைக்ராஸ்கோப் வேண்டாம், சாயம் வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் பட்டை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால் ஃபால்சிபேரத்தின் ஆன்டிஜென் ரத்தத்தில் இருக்கிறது. நானூறு ஸ்லைடைக் குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற என் அக்காவுக்கு இதைவிட நல்ல பரிசு எங்கே கிடைக்கும்?

ஒன்றை மட்டும் மறக்காதே. கிருமி செத்த பிறகும் அந்த ஆன்டிஜென் இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் கிடக்கும். அதனால் மாமாவுக்குப் பதினான்காம் நாள் இரண்டாவது கோடு வந்தால் பயப்படாதே, அது பழைய மிச்சம். கோட்டைப் பார்த்துப் பதறி மறுபடி மாத்திரை கொடுத்துவிடாதே. இருபத்தெட்டு நாளுக்குள் மருந்து உள்ளே போனால் அவருடைய மாதிரிகளை நான் தள்ளிவிட வேண்டியதுதான். முதல் நோயாளியே வீணானால் என் கைடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

மாமாவிடம் சொல், அவருடைய பார்சலுக்குப் பதில் பார்சலாக இங்கிருந்து பேடா வாங்கி வருகிறேன்.

உன்,
வாணி


திண்டுக்கல்
28.8.1999

அன்புள்ள வாணிக்கு,

பட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. ஏழாம் நாள் சொட்டைத் தனி உறையில் போட்டிருந்தேன், வந்திருக்கும். நேற்றுப் பதினான்காம் நாள். அந்தச் சொட்டு இதற்குள் இருக்கிறது.

நேற்று உன் பட்டையையும் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே இரண்டு கோடு. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துவிட்டு, பழைய மிச்சம்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நீ சொன்னபடி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

பழக்கதோஷத்தில் ஒரு ஸ்லைடும் எடுத்துத் தட்டில் வைத்தேன். ஆனால் சாயம் போட நேரமில்லை. மாசக் கடைசி. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வந்த கூட்டத்திலிருந்து மட்டும் நூற்றுச்சொச்சம் ஸ்லைடு குவிந்து கிடந்தது. இன்று அறிக்கை போயாக வேண்டும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, மாசக் கடைசியில் நாங்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பார்க்காததற்கெல்லாம் வரிசையாக 'நெகட்டிவ்' போட்டு முடித்தேன். நூற்றில் ஒன்றுகூட வராத ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்?

உன் மாமாவுக்கு இரண்டு நாளாக உடம்பு வலி, சாயங்காலமானால் லேசாகக் கதகதப்பு. வெஞ்சனம் எதை வைத்தாலும் கசக்கிறது என்கிறார். "வண்டி அலுப்புடி, செத்த நேரம் படுத்தா சரியாயிரும்" என்கிறார். கிளம்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறேன்.

தென்றல் உனக்கு ஒரு கொசு வரைந்து அனுப்பியிருக்கிறாள். அதற்கு ஏன் எட்டுக் கால் என்று கேட்டால், ஓடுவதற்கு என்கிறாள்.

அன்புடன்,
அக்கா


புதுதில்லி
4.9.1999

என் அருமை அக்காவுக்கு,

இன்று நான் தரையில் நடக்கவில்லை! நேற்று மாமாவின் பதினான்காம் நாள் சொட்டை ஏழாம் நாளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழாம் நாள் கோடு மங்கலாக இருந்தது. பதினான்காம் நாள் கோடு அதைவிட நன்றாக அழுத்தமாக விழுந்திருக்கிறது. மிச்சம் தங்குகிறது என்பதுதான் எல்லாரும் சொல்வது. அது இடையில் கூடவும் செய்கிறது என்று என் முதல் நோயாளியே காட்டிவிட்டார். மண்ணீரலில் தேங்கியது மெல்ல வெளியே வருகிறதோ என்று ஒரு விளக்கம் யோசித்து வைத்திருக்கிறேன். கைடு சிரிக்கவே மாட்டார், நேற்றுத் தோளில் தட்டினார். திங்கட்கிழமை கருத்தரங்கில் நான் பேசுகிறேன்.

இருபத்தோராம் நாள் சொட்டுக்காகக் காத்திருக்கிறேன். தவறாமல் எடுத்திருப்பாய். மாமா வண்டி ஏறும் முன் இருபத்தெட்டாம் நாளையும் எடுத்துவிடு. அவர் விரலுக்கு என் சார்பில் ஒரு மோதிரமே போடலாம்.

கொசுவுக்கு ஆறு கால்தான் என்று தென்றலிடம் சொல்லாதே. எட்டே இருக்கட்டும்.

உன் செல்லத் தங்கை,
வாணி


திண்டுக்கல்
27.9.1999

இசைவாணிக்கு,

கருமாதி முடிந்து நீ ரயிலேறி ஒரு வாரமாகிறது. வீட்டில் இருந்த அத்தனை நாளும் நீயும் நானும் இதைப் பேசவில்லை. பேசியிருக்கலாம். சொந்தக்காரர்கள் எப்போதும் சுற்றி இருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையில்லை.

உன் நான்காம் தேதிக் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. நீ அடுப்படியில் தென்றலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். முத்திரையில் அவர் செத்த அன்றைய தேதி. உன்னிடம் கொடுக்கவும் மனமில்லை, பிரிக்கவும் தைரியமில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவைத்தேன். நேற்றுத்தான் பிரித்துப் படித்தேன்.

நடந்ததை நீ பிறர் வாயால்தான் கேட்டாய். நான் சொல்கிறேன். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காய்ச்சல் கொதித்தது. சுகாதார நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சார், "மறுபடியும் ஸ்லைடு எடுத்தியாம்மா?" என்று கேட்டார். "எடுத்தேன் சார், நெகட்டிவ்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன் வாணி. பதிவேட்டில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. பார்க்காமலே போட்டேன் என்று அவர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. பழைய மிச்சம் என்று நீ எழுதியது வேறு எனக்குத் தெம்பாக இருந்தது. அவர் டைஃபாய்டு என்று மருந்து எழுதினார். மறுநாள் போய்ச் சாயம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. லீவு போட்டுவிட்டுத் தண்ணீர் பிடித்தேன்.

மூன்றாம் தேதி காலை, உன்னுடைய இருபத்தோராம் நாள். படுத்திருந்தவர் விரலில் குத்தி உன் பேப்பரில் சொட்டு எடுத்தேன். எப்போதும் கையை இழுத்துக்கொண்டு ஏதாவது கேலி பேசுவார். அன்று இழுக்கவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அப்போதும் நான் முதலில் பேப்பரைக் காயவைத்துவிட்டுத்தான் வந்து அவரை உலுக்கினேன். பத்து மணிக்கு வலிப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே ரத்தம் எடுத்துப் பத்தே நிமிடத்தில், "மலேரியா மூளைக்கு ஏறியிருக்கு, மொதல்ல கொடுத்த மருந்து கேக்கல போல. இம்புட்டு நாளு என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நான் லேப் டெக்னீஷியன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். தட்டு அப்படியே இருந்தது. 27.8.99, அழகர், வயது 36. ஒரு மாதமாகியும் சாயம் ஏறியது. பார்த்தேன். மோதிரங்கள், எண்ண முடியவில்லை. கோடும் உண்மை, கிருமியும் உண்மை. அது மிச்சமில்லை, உயிரோடு ஒவ்வோர் அணுவாக நுழைந்துகொண்டிருந்தது.

என்னை நான் மன்னிக்கப்போவதில்லை, அது என் பாடு. உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் வைத்துப் பார்த்தது ஒரே ஒரு பட்டை. இரண்டு நாள் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நீ. செத்ததன் மிச்சம் நாளுக்கு நாள் குறையுமா, கூடுமா? கோடு தடித்தது என்று பார்த்த அந்த நிமிடம், மாமா உடம்பு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அவருக்குச் சாயங்காலம் காய்கிறது என்று நான் எழுதியிருந்தேனே.

உண்மையை எழுது.

அன்புக்கரசி


புதுதில்லி
5.10.1999

அக்கா,

தோன்றியது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நான்கு நாள் பார்த்தேன். நீ உண்மையைக் கேட்டாய். செப்டம்பர் மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணி. கோடு தடித்ததைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, மருந்து கேட்கவில்லை, கிருமி மறுபடி பெருகுகிறது என்பதுதான். உன் கடிதம் மேசையில் பிரித்தபடி இருந்தது. கதகதப்பு என்ற வார்த்தையைப் பார்த்தேன். கீழே போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் சுகாதார நிலையத்துக்குப் பேசலாம் என்று பர்சையும் எடுத்தேன். பிறகு, பேசினால் நீ பயந்து மாத்திரை கொடுத்துவிடுவாய், முதல் நோயாளி போய்விடுவார், இருபத்தோராம் நாள் சொட்டு வரட்டும், அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பர்சை வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் மண்ணீரல் கதையெல்லாம் யோசித்தேன். எனக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது அக்கா.

அன்று பத்து மணிக்கே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்தபோது, நான் பேசியிருந்தாலும் பயனில்லை என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததற்காகவே என்னை நான் வெறுக்கிறேன். பழைய மிச்சம் என்று உறுதியாக எழுதியதும் நான்தான். மாத்திரை கொடுக்காதே என்றதும் நான்தான். புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதினேன், ஆனால் ஒரிசாக் கிருமிக்கு அந்த மாத்திரை பல இடத்தில் கேட்பதில்லை என்பதும் அதே புத்தகத்தில் இருந்தது.

கைடிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதை அப்படியே எழுதி வெளியிட வேண்டும் என்கிறார். கோட்டை மட்டும் நம்பி மிச்சம் என்று விட்டுவிடக்கூடாது, காய்ச்சல் இருந்தால் ஸ்லைடு பார்த்தே ஆக வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்கிறார். அதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன்.

நம் இரண்டு பேரைத் தவிர இது யாருக்கும் முழுசாகத் தெரியாது. நீயும் என்னை விட்டுவிட்டால் எனக்கு யாரும் இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா. பொங்கலுக்கு வரலாமா என்று மட்டும் சொல்.

வாணி


அனுப்புநர்
அன்புக்கரசி,
ஆய்வக நுட்பநர்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
செல்வி இசைவாணி,
ஆராய்ச்சி மாணவி,
புதுதில்லி.

நாள்: 18.10.1999

அம்மையீர்,

பொருள்: நோயாளி எண் 1 – மாதிரிகள் அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், நாள் 5.10.1999.

பார்வையில் கண்ட கடிதத்தில் கேட்டுள்ளபடி, மேற்படி நோயாளியின் விவரங்களை ஆராய்ச்சிக் கட்டுரையில் வெளியிட அவருடைய மனைவியின் சம்மதம் கையொப்பமிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நடந்தது எதையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

27.8.99 அன்று எடுக்கப்பட்ட ஸ்லைடு இத்துடன் அனுப்பப்படுகிறது. இது 28.8.99 அன்று பார்க்கப்படாமலே நெகட்டிவ் எனப் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்தவர் கீழே கையொப்பமிட்டுள்ளவர். இதை மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாயிற்று. உத்தரவு இன்னும் வரவில்லை.

21ஆம் நாள் மாதிரி இத்துடன் உள்ளது. 28ஆம் நாள் மாதிரி அனுப்ப இயலவில்லை. நோயாளி 22ஆம் நாள் இறந்துவிட்டார்.

பயன்படுத்தாத சோதனைப் பட்டைகள் 24 திருப்பி அனுப்பப்படுகின்றன. இனி மாதிரிகள் தேவைப்பட்டால் மருத்துவ அலுவலர் வழியாக மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம்.

தாங்கள் சொந்த விஷயமாகக் கேட்டிருப்பதற்கு இந்த அலுவலகத்தில் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) அன்புக்கரசி
ஆய்வக நுட்பநர்